பெயரிட்டு அறிதல்: வாழ்நாட் பருவங்களில் மனநோயும் திருச்சபையின் கடமையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியின் வடகரை வழியாக முசிறி செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குணசீலம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு மனநோயுற்றோரை அழைத்து வந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்து வழிபடச் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வழிபாட்டு வேளைகளில் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. இதே நம்பிக்கையுடன் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிற்குச் செல்வோரும் உளர். நம் கிறிஸ்தவ மக்களோ உபவாசக் கூட்டங்களையும் ஜெபவீடுகளையும் நாடுகின்றனர். சமயம் வேறாயினும் செயல் ஒன்றே. தமிழ்நாட்டில் மனம் நோயுற்ற ஒருவரை அவர் குடும்பத்தார் முதன்முதலில் அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் மருத்துவமனை அன்று, வழிபாட்டிடமே.

எனவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஆயர் என்பவர் மனநோயை முதலில் காண்பவருள் ஒருவராகிறார். அவர் அந்நேரத்தில் கூறும் ஒரு சொல், நோயாளியை மருத்துவத்தின்பால் விரைந்து செலுத்தவும் கூடும். பல ஆண்டுகள் தாமதப்படுத்தவும் கூடும். ஆகவே, மனநோய் எவ்வாறு கண்டறியப்படுகிறது, மனித வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் அது எவ்வுருவில் தோன்றுகிறது, திருமறையின் ஒளியில் அதனை நாம் எங்ஙனம் நோக்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஆயர் மருத்துவராக வேண்டும் என்பது நம் கருத்தன்று. மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நேரத்தை ஆயர் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

நோயறிதல் என்பது யாது?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. நீரிழிவைக் காட்ட இரத்தப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ காட்டும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. இதனால் மனநல மருத்துவம் ஊகத்தின்மேல் நிற்கிறது எனச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மனநல மருத்துவர் மூன்று வழிகளில் நோயை அறிகிறார். முதலாவது வரலாறு: மாற்றம் எப்போது தொடங்கிற்று, திடீரெனவா படிப்படியாகவா, அதற்கு முன் அவர் எத்தகையவராக இருந்தார், குடும்பத்தில் பிறருக்கு இத்தகைய நோய் இருந்ததா என்பவை. இவற்றை நோயாளியிடம் மட்டுமன்றி உடன் வாழ்வோரிடமும் கேட்டறிகிறார். இரண்டாவது நேரடி ஆய்வு: தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ணத்தின் ஓட்டம், நினைவாற்றல், தன் நோயைப் பற்றிய அவரது உணர்வு ஆகியவற்றை முறையாகக் கவனிக்கிறார். மூன்றாவது உடற்காரணங்களை விலக்குதல். தைராய்டு சுரப்பியின் குறைபாடு மனச்சோர்வு போலத் தோன்றும். பி-12 உயிர்ச்சத்துக் குறைவு மறதியை உண்டாக்கும். வலிப்பு நோயின் சில வகைகள் பேய் பிடித்தாற் போலக் காட்சியளிக்கும்.

இவற்றோடு கால அளவும் கருதப்படுகிறது. துக்கமான ஒரு நாள் மனச்சோர்வு நோய் ஆகாது. ஏறத்தாழ நாள் முழுவதும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மகிழ்ச்சியும் ஆர்வமும் அற்றுப்போய், உறக்கம், பசி, வேலை ஆகியவை கெடும்போதே அவ்வாறு பெயரிடுவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி மனச்சிதைவு என்று கூற, அதற்குரிய அறிகுறிகள் ஒரு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும்.

இவ்வகைப்பாடுகள் விண்ணிலிருந்து இறங்கியவை அல்ல. மனிதர் ஆய்ந்து, திருத்தி, மீண்டும் திருத்தி வருபவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலம் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்ட மனச்சிதைவின் உட்பிரிவுகள் அதில் கைவிடப்பட்டன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு, நோய்களை மனித வாழ்வின் பருவங்களையொட்டி அடுக்கியுள்ளது. குழந்தைப் பருவத்தில் வெளிப்படும் வளர்ச்சிக் கோளாறுகள் அதன் தொடக்கத்திலும், முதுமைக்குரிய அறிவாற்றல் தேய்வு அதன் பிற்பகுதியிலும் இடம்பெறுகின்றன. இவ்வொழுங்கு ஆயருக்கும் பயனுள்ளது. ஏனெனில், திருமுழுக்கிலிருந்து அடக்க ஆராதனை வரை ஒரே குடும்பத்தை உடன் நின்று காண்பவர் ஆயரே.

நோய்க்குப் பெயரிடுதல் மனிதருக்கு முத்திரை குத்துதல் ஆகாது. ஒருவரைப் 'பைத்தியம்' என்றழைப்பது முத்திரை. அது அவரை ஊரிலிருந்து பிரிக்கிறது. அவருக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளது எனக் கூறுவது நோயறிதல். அதற்குரிய மருந்தும், எதிர்பார்க்கத்தக்க போக்கும், குடும்பத்தார் செய்ய வேண்டியதும் அப்பெயரோடு சேர்ந்து வருகின்றன. முன்னது கதவை அடைக்கிறது, பின்னது திறக்கிறது.

குழந்தைப் பருவம்

மூன்று வயதாகியும் பேசாத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, கண்ணோடு கண் நோக்காமல் ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பச் செய்யும் குழந்தை ஆகியோரை ஞாயிறுபள்ளி ஆசிரியர் அறிவார். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த கோளாறு ஆகியவை இப்பருவத்தில் வெளிப்படுகின்றன. செவித்திறன் குறைவும் இவ்வாறே தோன்றக் கூடுமாதலால் அதனை முதலில் சோதிப்பர். இவை பெற்றோரின் வளர்ப்புக் குறையால் வருவன அல்ல. தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மேலைநாட்டறிஞர் சிலர் எழுதினர். அக்கருத்து பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது. ஆயினும் அதனால் குற்றவுணர்வு சுமந்த தாய்மார் பலர். நம் ஊர்களில் அதே குற்றச்சாட்டு 'பெற்றோரின் பாவம்' என்னும் உருவில் நிலவுகிறது. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர் கேட்ட வினாவும் இதுவே; ஆண்டவர் அதனை ஏற்கவில்லை என்பதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம்.

இப்பருவத்தில் காலமே மருந்து என்று காத்திருத்தல் தவறு. பேச்சுப் பயிற்சியும் செயற்பயிற்சியும் எவ்வளவு இளமையில் தொடங்குமோ அவ்வளவு பயன் தரும். 'அவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்னும் பாட்டியின் ஆறுதல் மொழி, பல குழந்தைகளின் விலைமதிப்பற்ற இரண்டு ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது.

வளரிளம் பருவமும் இளமையும்

வாழ்நாளில் மனநோய்க்கு ஆளாவோருள் பாதிப்பேருக்கு நோய் 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது என அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான பேராய்வு ஒன்று காட்டிற்று. மாணவர் நிறைந்த நகரமாகிய திருச்சிராப்பள்ளிக்கு இச்செய்தி முக்கியமானது. தேர்வுக்குப் படிக்க வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளைஞன் ஒருவன் மெல்ல மெல்லத் தனிமையை நாடுகிறான், குளிப்பதில்லை, இரவெல்லாம் விழித்திருக்கிறான், அறைத் தோழர் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்கிறான், யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறான். இது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கக் கூடும். சிலரிடம் இதற்கு மாறாக அளவிறந்த உற்சாகம் தோன்றும். உறங்காமலே களைப்பின்மை, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, தன்னை இறைவன் உலகத்திற்கென்று தனியே தெரிந்தெடுத்தார் என்னும் அறிவிப்பு ஆகியவை இருதுருவக் கோளாறின் எழுச்சி நிலையைக் காட்டலாம்.

இவ்விடத்தில் ஆயர் இடறக் கூடும். இத்தகைய இளைஞன் ஊழியத்திற்கு அழைப்புப் பெற்றவனாகத் தோன்றக் கூடும்! மெய்யான இறையனுபவத்தையும் நோயையும் எங்ஙனம் பகுத்தறிவது? மருத்துவர் கூறும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒருவரது நம்பிக்கை அவர் சார்ந்த சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையாக இருப்பின், அது பிறருக்கு எவ்வளவு வியப்பாகத் தோன்றினும் நோய் ஆகாது. ஆண்டவர் தன்னோடு இடைப்பட்டார் என ஒரு கிறிஸ்தவர் கூறுவது நோயன்று. அவரது சபையாரே அவர் கூற்றை விளங்கிக்கொள்ள இயலாமல் திகைத்து, அதனுடன் உறக்கம், உணவு, தூய்மை, வேலை யாவும் குலையுமாயின் அது நோயின் அடையாளம். இதனோடு நமது பழைய இறையியல் அளவுகோலையும் சேர்த்துக் கொள்ளலாம்: ஆவியின் கனி அன்பும் சமாதானமும் இச்சையடக்கமுமாக வெளிப்படும், நோயோ அச்சமும் குழப்பமுமாக வெளிப்படும்.

மனச்சிதைவு என்றாலே மீளாநோய் என மக்கள் எண்ணுகின்றனர். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்து வந்தனர். பத்தாண்டு முடிவில், தொடர்ந்து காண முடிந்தவர்களுள் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தனர். இடைவிடாது நோயிலேயே கிடந்தவர் மிகச் சிலரே. இவ்வாய்வில் பங்குகொண்ட மருத்துவர் ஆர். தாரா, சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். நம்பிக்கைக்கு இடமுண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஆனால் மருத்துவமின்றிக் கழியும் காலம் நீள நீள, மீட்சியும் அரிதாகிறது.

மகப்பேறும் நடுவயதும்

குழந்தை பெற்ற தாய் முதல் சில நாட்களில் காரணமின்றி அழுவது பொதுவாகக் காணப்படுவது. இரண்டு வாரத்திற்குள் அது தணிந்துவிடும். தணியாமல் தொடர்ந்து, குழந்தையின்மேல் பற்றின்மையும் தான் பயனற்றவள் என்னும் எண்ணமும் வளருமாயின் அது மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வு. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில், முதல் இரு வாரங்களுக்குள்ளேயே கடும் மனக்குழப்பம் திடீரெனத் தோன்றுவதுண்டு. உறங்காமை, சந்தேகம், குழந்தையைப் பற்றிய விபரீத எண்ணங்கள் ஆகியவை அதன் அறிகுறிகள். இது அவசர மருத்துவ நிலை. தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து உண்டு. 'பிரசவ வீட்டில் காற்று கருப்பு அடித்தது' என்று மந்திரிக்கச் செல்வதும், ஜெபத்திற்கென்று மூன்று நாள் காத்திருப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை.

நடுவயதில் மனச்சோர்வு பெரும்பாலும் உடலின் மொழியில் பேசுகிறது. நம் மக்கள் 'எனக்கு மனம் சோர்ந்திருக்கிறது' என்று மருத்துவரிடம் கூறுவது அரிது. உடம்பு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, வாயு ஏறுகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்றே கூறுவர். பல மருத்துவர்களிடம் பல பரிசோதனைகள் செய்து, ஒன்றும் இல்லை என அனுப்பப்பட்ட பின்னும் நோய் தொடருமாயின், மனத்தைப் பற்றி வினவ வேண்டும். ஆடவரிடையே மனச்சோர்வும் பதற்றமும் குடிப்பழக்கத்தின் பின்னால் ஒளிந்திருப்பதுண்டு. குடியைக் கண்டித்து, அதன் பின்னுள்ள நோயைக் காணாதுவிடின் நம் பணி பாதியே முடிந்ததாகும்.

2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் அக்காலத்தில் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புற்றனர் எனக் கண்டது. நோய்களின் வகைக்கேற்ப, நோயுற்றோருள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை மருத்துவம் பெறவில்லை என்பதும் அதன் முடிவு. நூறு பெரியவர் கூடும் ஒரு சபையில் பத்துப் பேர் இத்துன்பத்துடன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஏழு பேரேனும் எம்மருத்துவமும் பெறாதவர் என்று கொண்டால், நாம் யாருக்குப் பிரசங்கிக்கிறோம் என்பது விளங்கும்.

முதுமை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவில், உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மக்கள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர். பணி ஓய்வுக்குப் பின் அரங்கன் சன்னிதியில் இறுதிநாட்களைக் கழிக்க விரும்பி வந்தோரும் உளர். ஆற்றின் தென்கரையில் நம் சபை முதியோரின் நிலையும் இதுவே. இவர்களிடம் காணப்படும் மாற்றங்களை 'வயதாகிவிட்டது' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் அச்சொல்லின் அடியில் மூன்று வெவ்வேறு நிலைகள் உள்ளன. மூன்றிற்கும் மருத்துவம் வேறு.

முதலாவது, அறிவாற்றல் தேய்வு எனப்படும் மறதி நோய். இது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பழைய நிகழ்ச்சிகள் நினைவிலிருக்க, காலையில் உண்டது மறக்கும். நாற்பது ஆண்டு நடந்த வீதியில் வழி தவறும். 60 வயதைக் கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இரண்டாவது, முதுமை மனச்சோர்வு. இதிலும் மறதி உண்டு. ஆனால் மறதி நோயாளி தன் மறதியை மறைப்பார், அல்லது உணரமாட்டார். சோர்வுற்றவரோ 'எனக்கு ஒன்றும் நினைவில்லை, நான் எதற்கும் உதவேன்' என்று தாமே முறையிடுவார். இது மருந்தாலும் ஆறுதலாலும் தீரத்தக்கது. மூன்றாவது, திடீர்க் குழப்பநிலை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் பிதற்றினால், சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புக் குறைவு, புதிய மருந்தின் விளைவு போன்ற உடற்காரணம் இருக்கக் கூடும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூன்றையும் பகுத்தறிய உதவும் எளிய வினா ஒன்றுண்டு: இது எப்போது தொடங்கிற்று? மாதங்களா, வாரங்களா, மணிகளா?

பேயா, நோயா?

நம் மக்கள் கேட்கும் தலையாய வினா இதுவே. திருமறை இதில் நாம் எண்ணுவதினும் நுட்பமானது. மத்தேயு நான்காம் அதிகாரம் 24ஆம் வசனத்தில், இயேசுவினிடம் கொண்டுவரப்பட்டோரைப் பட்டியலிடும் நற்செய்தியாளர், பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். முதல் நூற்றாண்டினரே எல்லாவற்றையும் ஒன்றெனக் கொள்ளாதிருக்க, நாம் அவ்வாறு கொள்வது முறையாகுமா?

எசேக்கியாவின் பிணிக்காக ஏசாயா இறைவாக்கும் உரைத்தார். அத்திப்பழ அடையைப் பருவின்மேல் கட்டவும் சொன்னார். ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றையொன்று மறுக்கவில்லை. எலியாவின் வரலாறு இன்னும் தெளிவானது. பெருவெற்றிக்குப் பின் அச்சமுற்று வனாந்தரத்திற்கு ஓடி, சூரைச்செடியின்கீழ் அமர்ந்து சாவை வேண்டுகிறார். இன்று ஓர் ஊழியர் அவ்வாறு கூறினால் 'விசுவாசக் குறைவு' என்போம். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார்; தூதன் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான்; மீண்டும் உறங்கவிட்டார்; மீண்டும் உணவளித்தார். அதன் பின்னரே பயணம். அதன் பின்னரே மெல்லிய சத்தமும் உரையாடலும். உடலைத் தேற்றிய பின்னரே வார்த்தை வந்தது. இவ்வொழுங்கு ஆயர்பணிக்கு இலக்கணம்.

கண்புரை வந்தவரிடம் விசுவாசித்தால் பார்வை வரும் எனச் சொல்லிக் கண் மருத்துவத்தை நாம் தடுப்பதில்லை. திருச்சிராப்பள்ளியின் ஜோசப் கண் மருத்துவமனை கிறிஸ்தவ ஊழிய உணர்விலிருந்தே எழுந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கி மருத்துவத்தில் பங்குகொள்ளும் மனநல மையத்தை 1957 முதல் நடத்தி வருகிறது. கண்ணுக்கு ஒரு நியாயம், மூளைக்கு ஒரு நியாயம் என்பது இறையியல் ஆகாது.

குணசீலமும் ஏர்வாடியும் நமது ஜெபவீடுகளும்

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானே வழக்காக ஏற்றது. உரிமமற்ற காப்பகங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் குணசீலத்தில் கோயிலையொட்டி, அரசின் உரிமம் பெற்ற மனநலக் காப்பகம் அமைந்து, வழிபாட்டோடு மருத்துவமும் இணைந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. குடும்ப இல்லம் தவிர, மனநோயாளிகளைப் பராமரிப்பிற்கெனத் தங்கவைக்கும் எந்த இடமும் பதிவு பெற வேண்டும் என்கிறது.

வழிபாட்டிடத்தின் அமைதியான சூழலுக்குப் பயனே இல்லை என்பதன்று. தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளைப் பெங்களூர் மனநல நிறுவனத்து மருத்துவர் இரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டிற்று. அங்கே சங்கிலியும் அடியும் இல்லை. உறைவிடமும் வேலையும் பரிவும் இருந்தன. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைவது முழு நலம் ஆகாது. பரிவு மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அன்று.

இவற்றைக் கூறும்போது ஆற்றின் அக்கரையைச் சுட்டி மகிழ்வது நம் நோக்கமன்று. நம் ஜெபவீடுகளில் நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கவைக்கப்படுகின்றனரா? அவர்களுள் யாரேனும் கட்டப்படுகின்றனரா? உபவாசம் என்னும் பெயரில் உணவும் உறக்கமும் குறைக்கப்படுகின்றனவா? இருதுருவக் கோளாறு உடையவருக்கு உறக்கமின்மை நோயைத் தூண்டும் என்பதை அங்குள்ளோர் அறிவரா? 'விசுவாசமிருந்தால் மாத்திரையை நிறுத்து' என்று மேடையிலிருந்து கூறப்படுகிறதா? சட்டத்திற்கு முன் கோயிலும் தர்காவும் ஜெபவீடும் ஒன்றே. ஆண்டவர் முன் நம் பொறுப்பு இன்னும் பெரிது.

ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, கேட்டல். அறிவுரைக்கு முன் வரலாற்றைக் கேட்க வேண்டும். எப்போது தொடங்கிற்று, உறங்குகிறாரா, உண்கிறாரா, குடிக்கிறாரா, சாவைப் பற்றிப் பேசினாரா என்னும் ஐந்து வினாக்கள் போதும். தற்கொலை எண்ணம் உண்டா என நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது; மாறாக, பேச வழி திறக்கும். 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்தும் மாத்திரைகளும் எட்டாத இடத்தில் வைக்கப்பட வேண்டும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, அனுப்புதல். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் அதற்கென முதலில் தெரிந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி மாவட்டமே; 1997இல் இங்கே அது தொடங்கிற்று. பெருநகரத்துக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு மட்டுமே செல்ல வேண்டும் என்னும் நிலையை மாற்றி, மனநல மருத்துவத்தை மக்கள் வாழும் ஊர்களின் அருகே கொண்டுசெல்வதே அதன் நோக்கம். இன்று நகரத்தின் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழில் பெறலாம். இவ்வெண் ஒவ்வோர் ஆலய அறிவிப்புப் பலகையிலும் இருத்தல் நலம். அனுப்பும்போது 'என்னால் ஆகாது, மருத்துவரிடம் போ' என்னாமல், 'மருத்துவரிடம் போவோம், நானும் வருகிறேன்' என்று கூறுவது ஆயரின் வழி.

மூன்றாவது, உடனிருத்தல். மனநோய்க்கு மருந்து பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் தேவை. நலமானதும் மருந்தை நிறுத்துவதே நோய் மீள்வதற்கு முக்கியக் காரணம். மருந்தை ஒழுங்காக உட்கொள்ள நினைவூட்டுவதும், பராமரிப்பவர் ஒரு நாள் ஓய்வெடுக்கச் சபையார் மாறி மாறி உதவுவதும், நலம் பெற்றவருக்கு ஆலயத்தில் ஒரு பொறுப்புக் கொடுப்பதும் இப்பணியில் அடங்கும். ஸ்ரீரங்கத்துத் தனிமை முதியவரை வாரம் ஒருமுறை சந்திப்பவர், அவரது மறதியை மக்களுக்கு முன்பே அறிவார்.

நான்காவது, பேச்சைத் திருத்துதல். 'பைத்தியம்', 'லூசு' என்னும் சொற்கள் பிரசங்க மேடையில் நகைச்சுவைக்காகக்கூட ஒலித்தலாகாது. தற்கொலை செய்துகொண்டவரின் உடலுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கும் வழக்கம் சில சபைகளில் இன்னும் எஞ்சியுள்ளது. அரசே இதில் மனம் மாறிற்று. மேற்கூறிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவருக்கு மருத்துவம் அளிக்கப் பணிக்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. சட்டம் காட்டும் இரக்கத்தினும் திருச்சபை காட்டும் இரக்கம் குறைவாக இருத்தல் தகுமா?

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளில் வாழ்ந்த மனிதனை ஊரார் பலமுறை சங்கிலியால் கட்டியிருந்தனர். இயேசு அவனைக் கட்டவில்லை. அவனிடம் பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடையணிந்து தெளிந்த சிந்தையோடு அமர்ந்திருக்கக் கண்டு ஊரார் அஞ்சினர். தம்மோடு வர விரும்பிய அவனை ஆண்டவர் ஊழியத்திற்கென்று தனியே பிரித்துக்கொள்ளவில்லை. தன் வீட்டாரிடத்திற்குத் திரும்பிப் போகச் சொன்னார். அவ்வீட்டார் அவனை எவ்வாறு ஏற்றனர் எனத் திருமறை கூறவில்லை. நம் சபைகளுக்குத் திரும்பி வருவோரை ஏற்கும் பணியோ நம் கைகளில் உள்ளது.